எட்டுப் பேருக்குப் பதினாறு பெட்டி

மே 4, திங்கள்

திருச்சிக்கு ஒரு சூப்பர் மிட்சைஸ் ஜெட் வருகிறது, அதில் ஏறப்போகும் சாப்பாடு எங்கள் வீட்டு அடுப்பில் வேகப்போகிறது, இதை உலகத்தில் ஒருவரிடமும் நான் சொல்லக் கூடாது!!!

அதனால்தான் இந்த நோட்டு. என் சேனல் ‘ஓடுபாதை 27’இல் 643 பேர் இருக்கிறார்கள். திருச்சி ஏர்போர்ட்டில் ஒரு சின்ன ஏடிஆர் விமானம் பத்து நிமிடம் தாமதமாக இறங்கினாலும் பதிவு போடுகிறவள் நான். இந்த விஷயத்தைப் போட முடியாமல் கை நமைச்சல் எடுக்கிறது. நோட்டில் எழுதினால் யாரும் லைக் போட மாட்டார்கள். பரவாயில்லை.

நடந்தது இதுதான். ஹாஜா பாய் தனியார் விமானங்களைக் கவனிக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஏணி, எண்ணெய், சாப்பாடு, எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு வருடமாக என் அக்கா அமலியிடம் கேரியர் சாப்பாடு வாங்குகிறவர். இன்று காலை வயர்லெஸ் ரோட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, உட்காராமலே பேசினார்.

“அமலி, ஒரு ட்ரையல். அடுத்த திங்கக்கிழமை மதியம் எட்டுப் பேரு கிளம்புறாங்க. வீட்டுச் சாப்பாடுதான் வேணும்னு கேக்குறாங்க. நீ ஒழுங்கா பண்ணிட்டா இனி திருச்சியிலேருந்து போற எங்க ஃபிளைட்டுக்கெல்லாம் உன் கிச்சன்தான்.”

“பண்றேன் பாய்.”

“ரெண்டே கண்டிஷன். நேரம் தப்பக் கூடாது. விஷயம் வெளிய போகக் கூடாது. யாரு, எங்க, எப்போ, மூணும் மூச்சு விடக் கூடாது.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். “முக்கியமா அந்தப் பாப்பா.”

பாப்பாவாம். எனக்குப் பத்தொன்பது வயது.

எங்கே போகிறது என்பதையும் சொன்னார். மேற்கே ■■■■. (ஊர் பெயரைப் பிறகு அடித்துவிட்டோம். காரணம் கடைசியில் வரும்.)

இன்னொன்றையும் எழுதி வைக்கிறேன், சும்மா தகவலுக்கு. அம்மா மஸ்கட்டில் நர்ஸ். அவர் ஆஸ்பத்திரி கேன்டீனில் அக்காவுக்கு வேலை பேசி, விசா காகிதமும் வந்துவிட்டது. ஹாஸ்டல்காரர்கள் கேரியரை நிறுத்திய பிறகு அக்காவின் கிச்சன் பாதி நாள் சும்மா கிடக்கிறது. ஜூன் பத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். இந்த ஆர்டர் நிலைத்தால் அக்கா இங்கே இருப்பாள். இல்லையென்றால் போய்விடுவாள். நான் காலேஜ் ஹாஸ்டலுக்கு மாற வேண்டியதுதான். எனக்கு ஒன்றும் பிரச்சினை இல்லை.

மே 5, செவ்வாய்

இன்று முழுக்க அந்த ஜெட்டின் கையேட்டைப் படித்தேன். நான்கு வீடியோ பார்த்தேன். தலை சுற்றுகிறது, சந்தோஷத்தில்!

சின்ன ஜெட்டில் குனிந்து நடக்க வேண்டும், தூரமும் போகாது. பெரிய ஜெட் கண்டம் தாண்டும், ஆனால் அது ஒரு வீட்டைத் தூக்கிக்கொண்டு பறப்பது மாதிரி. இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் சூப்பர் மிட்சைஸ். உள்ளே ஆறடி உயரம், நான் கை தூக்கினால்தான் கூரை தட்டும். நாம் ஏறும் விமானங்கள் முப்பத்தைந்தாயிரம், முப்பத்தொன்பதாயிரம் அடியில் போகும்போது இது நாற்பத்தைந்தாயிரம் வரை ஏறும். மேகமும் கீழே, டிராஃபிக்கும் கீழே.

தூரம்: 3,400 கடல் மைல். கிட்டத்தட்ட 6,300 கிலோமீட்டர்! திருச்சியை நடுவில் வைத்து மேப்பில் வட்டம் போட்டேன். கிழக்கே சியோல் உள்ளே. மேற்கே இஸ்தான்புல் உள்ளே. தென்கிழக்கே பெர்த் கூட உள்ளே, மயிரிழையில். இவ்வளவும் ஒரு தடவை கூட இறங்காமல்!

மஸ்கட் 2,600தான். அதையும் அளந்தேன், பழக்கத்துக்கு.

■■■■ சுமார் 5,800. வட்டத்துக்குள் சொகுசாக உட்கார்ந்திருக்கிறது. அக்காவிடம் ஓடினேன்.

“அக்கா, ஒரே மூச்சுல போயிடும். ஒரு சாப்பாடு போதும்.”

“அதான் பாயே எட்டுப் பெட்டின்னு சொல்லிட்டாரே. நீ எதுக்குடி மூச்சு வாங்குற?”

மே 6, புதன்

பெரிய கண்டுபிடிப்பு. மூடியைப் பற்றி.

விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பது போல இருக்காது. மலை மேல் உட்கார்ந்திருப்பது மாதிரி. இதைச் சொன்னதும் அக்கா கரண்டியோடு திரும்பினாள்.

“கொடைக்கானல் போனப்போ சிப்ஸ் பாக்கெட் தலகாணி மாதிரி உப்புச்சே, அது மாதிரியா?”

“அதேதான் அக்கா!”

“அப்போ என் குருமா மூடி?”

“பட்டுனு தெறிக்கும். பெரிய மனுஷன் வெள்ளைச் சட்டையில.”

அக்கா கொஞ்ச நேரம் அந்தச் சட்டையையே பார்ப்பவள் மாதிரி நின்றாள். பிறகு முக்கால் பெட்டிதான் நிரப்புவது, ஆறிய பிறகுதான் மூடுவது, மூடியில் ஊசியால் ஒரு துளை என்று முடிவானது. மேலே போனால் நாக்குக்கு உப்பும் காரமும் கொஞ்சம் மந்தமாகத் தெரியும் என்றும் சொன்னேன்.

“அவ்ளோ பணம் குடுத்து மேல போய் நாக்கு மரத்துப் போறதா? பேசாம இங்கயே தின்னுட்டுப் போகலாம்ல.”

உப்பை ஒரு சிட்டிகை கூட்டிச் சோதனை செய்தோம். தரையில் கரித்தது. எனக்கு இரண்டு வேளையும் அதுதான் சாப்பாடு.

மே 7, வியாழன்

ஒரு சின்னச் சந்தேகம். கையேட்டின் அடியில் எறும்பு அளவு எழுத்தில் ஒரு வரி இருந்தது. 6,300 கிலோமீட்டர் என்பது நான்கு பயணிகளோடு, எதிர்க்காற்று இல்லாமல், நிதானமான வேகத்தில்.

நம் பயணிகள் எட்டு.

யாரையாவது கேட்டே ஆக வேண்டும். சேனலில் கேட்க முடியாது. அதனால் விமானக் கிறுக்கர்கள் கூடும் ஒரு இணையப் போரத்தில், புதுப் பெயரில், ஊர் பெயரே இல்லாமல், விமானத்தின் பெயரும் இல்லாமல் கேட்டேன். நான் என்ன முட்டாளா? “சூப்பர் மிட்சைஸ், ஓடுபாதை 2,480 மீட்டர், வெயில் 40 டிகிரி, எட்டுப் பேர், பெட்டிகளோடு, மேற்கே 5,800 கி.மீ., திங்கள் மதியம். இறங்காமல் போகுமா?”

அரை மணி நேரத்தில் ‘வால்காற்று’ என்ற பெயருள்ள ஒருவர் முழ நீளத்துக்குப் பதில் போட்டார். சாரம்: எட்டுப் பேரும் அவர்கள் மூட்டையும் ஏறினால் அந்த எடைக்கு எண்ணெயைக் குறைக்க வேண்டும். வெயிலில் காற்று லேசாகிவிடும், இறக்கைக்குப் பிடிமானம் குறையும், புறப்படும் எடையில் இன்னும் கை வைக்க வேண்டி வரலாம். மேற்கே போகிறவனுக்கு வளைகுடா தாண்டியதும் எதிர்க்காற்று. கம்பெனி விற்கும்போது இறங்காமல் போகும் என்பான், கேப்டன் அன்றைய காற்றைப் பார்த்துவிட்டு நடுவில் இறங்கி எண்ணெய் போடுவான்.

நடுவில் இறங்கினால் இரண்டு பயணம். மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல். இரண்டு சாப்பாடு.

ஆர்டரில் இருப்பது ஒன்று.

மே 8, வெள்ளி

காலையில் போரத்தைத் திறந்தால், என் கேள்விக்குக் கீழே புதிதாக ஒரு வரி: “2,480ஆ? திருச்சியா?”

கேள்வியை அழித்துவிட்டேன். ஒரே ஒருவர்தான் கேட்டிருந்தார். பார்த்தவர்கள் எண்ணிக்கை 212 என்று காட்டியது. அதில் பாதி ரோபோவாக இருக்கும்.

அக்காவிடம் பதினாறு பெட்டி என்றேன். சண்டை.

“பாய் எட்டுன்னு எழுதிக் குடுத்திருக்காரு. நான் பதினாறு தூக்கிட்டுப் போய் நின்னா, இந்தப் பொண்ணுக்கு எண்ணவே தெரியாதுன்னு நெனைப்பாரு.”

“அக்கா, நம்ம ஸ்கூட்டில நீயும் நானும் ரெண்டு அரிசி மூட்டையும் ஏறினா, ஒரு லிட்டருக்கு எவ்ளோ போகும்?”

“பாலம் ஏறாது.”

“இதுவும் அதேதான். பேப்பர்ல போட்ட மைலேஜ் வேற, ரோட்டுல குடுக்குற மைலேஜ் வேற.”

அக்கா தேங்காயைத் துருவினாள். முழுத் தேங்காயும் முடிந்த பிறகு சொன்னாள்: “சரி. ரெண்டாவது எட்டையும் பண்றேன். ஆனா பாய் கிட்ட காட்ட மாட்டேன். ஆட்டோவிலயே ஐஸ் பெட்டியில இருக்கட்டும். கேட்டா எடுப்போம். கேக்கலைன்னா தெருவுக்கே இடியாப்பம்.”

இதை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மே 9, சனி

சேனலில் மூன்று பேர், “என்னாச்சு ஜெசிந்தா, ஒரு வாரமா பதிவே காணோம்?” தலைவலி என்று போட்டேன். உண்மையும் அதுதான்.

மே 10, ஞாயிறு

வந்துவிட்டது!!! மாலை 4.52. புதுக்கோட்டை ரோட்டில், மதில் பக்கம் நிறைய பேர் வண்டியை நிறுத்திப் பார்க்கிற இடத்தில் நானும் நின்றேன். முதலில் கிழக்கே ஒரு வெளிச்சப் புள்ளி. பிறகு மெலிந்த வெள்ளை உடம்பு, நுனி மடங்கிய இறக்கை, வாலின் இரு பக்கமும் எஞ்சின். சத்தமே இல்லை, ஒரு பெருமூச்சு அவ்வளவுதான். பெரிய விமானங்கள் ஓடி ஓடி நிற்கும் தூரத்தில் பாதிகூட இதற்குத் தேவைப்படவில்லை.

போட்டோ எடுக்கவில்லை. போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போனேன். என்னையே நம்பவில்லை நான்.

மே 11, திங்கள்

வரிசையாக எழுத வேண்டும், இல்லையென்றால் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும்.

அதிகாலை நாலு மணிக்கு அடுப்பு. முதல் எட்டு: எலுமிச்சை சாதம், உருளை வறுவல், சப்பாத்தி, பன்னீர். இரண்டாவது எட்டு: இடியாப்பம், காய்கறிக் குருமா. எல்லாம் ஆற வைத்து, முக்கால் நிரப்பி, துளை போட்டு, ஐஸ் பெட்டியில். பதினொரு மணிக்கு ஏர்போர்ட் பக்கவாசலில் முதல் எட்டை ஒப்படைத்தோம். ஹாஜா பாய் ஒவ்வொரு மூடியையும் தடவிப் பார்த்தார்.

“இது என்னம்மா ஓட்டை?”

“மேல போனா உப்பும் பாய். அதுக்குத்தான்.”

பாய் புருவத்தைத் தூக்கினார். பெட்டிகளோடு உள்ளே போனார். அக்கா என் கையைக் கிள்ளினாள், சந்தோஷத்தில். இன்னும் சிவந்திருக்கிறது.

பதினொன்று நாற்பதுக்கு போன். நாங்கள் இன்னும் வாசலை விட்டு நகரவில்லை.

“அமலி, ஒரு சிக்கல். கேப்டன் காத்து பார்த்துட்டு மஸ்கட்ல இறங்கி எண்ணெய் போட்டுட்டுத்தான் போவேன்னுட்டாரு. இன்னொரு வேளை சாப்பாடு வேணும். இருபது நிமிஷத்துல உன்னால எதாவது, பிரெட்டு, பழம், எதாவது முடியுமா?”

“இடியாப்பம் குருமா இருக்கு பாய். எட்டுப் பெட்டி. வாசல்லதான் நிக்கிறேன்.”

போனைப் பட்டென்று வைத்தார்.

பாய் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. பெட்டிகளை வாங்கிக்கொண்டு, “எப்படிம்மா?” என்றார்.

“தங்கச்சி கணக்கு போட்டா பாய். எட்டுப் பேரு ஏறினா ஒரே மூச்சுல போகாதுன்னு வெள்ளிக்கிழமையே சொல்லிட்டா.”

அந்த நிமிடம் நான் 643 பேரையும் மறந்தேன். பாயின் அந்த ஒரு முகம் போதும் என்று இருந்தது. முதல் தடவையாக, அவர் என்னைப் பாப்பாவைப் பார்ப்பது போல் பார்க்கவில்லை.

பிறகு அது நடந்தது.

மதில் ஓரம் ஒரு பைக் வந்து நின்றது. கழுத்தில் முழங்கை நீளக் கேமராவோடு ஒருவன். பொன்மலை வினோபா. என் சேனலில் எல்லாப் பதிவுக்கும் முதல் ஆளாக இதயம் போடுகிறவன். என்னைப் பார்த்ததும் கத்தினான்.

“ஜெசிந்தா! நீயும் வந்துட்டியா! நான்தான் மொதல்ல கண்டுபிடிச்சேன்னு நெனைச்சேன். போரத்துல ஒருத்தன் போட்டிருந்தான், திங்கள் மதியம், எட்டுப் பேரு, மேற்கே!”

“ஊர் பேரே போடலையே,” என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

“ரெண்டாயிரத்து நானூத்து எம்பதுன்னு போட்டா திருச்சின்னு தெரியாதா? எந்த ஏர்போர்ட்டுக்கு எவ்ளோ நீளம்னு மனப்பாடம் பண்ண வெச்சதே நீதானே, உன் சேனல்ல!”

ஆமாம். நான்தான். போன வருடம் அதற்கு வினாடிவினா வைத்தேன். வினோபா இரண்டாம் பரிசு.

ஹாஜா பாய் அவனைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வி யாரோ போட்டது, எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அக்காவின் கை என் தோளில் இருந்தது.

“நான்தான் பாய் கேட்டேன். பேரு போடலை, அதனால தெரியாதுன்னு நெனைச்சேன். அக்காவுக்குத் தெரியாது.”

அக்காவின் கை தோளிலிருந்து விலகியது.

பாய் திட்டவில்லை. “உள்ள இருக்கிற ஆளு ஆஸ்பத்திரிக்குப் போறாரா, கல்யாணத்துக்குப் போறாரான்னு எனக்கே தெரியாது. தெரியாம இருக்கிறதுதாம்மா என் வேலை,” என்றார். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

வினோபாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, படம் போடாதே என்று கெஞ்சினேன். அவன் ஒரு நிமிடம் தன் லென்சைப் பார்த்தான், பிறகு மூடியைப் போட்டான். “இவ்ளோ தூரம் வந்துட்டு...” என்று முனகினான், ஆனால் லென்சைத் திறக்கவில்லை.

12.44. புறப்பட்டது. தார் ரோட்டில் வெயில் தண்ணீர் மாதிரி நெளிந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன், இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியாது: என்ன ஓட்டம்! எட்டுப் பேர், பதினாறு பெட்டி, நாற்பது டிகிரி, பாதி ஓடுபாதை தாண்டியதும் மூக்கு நிமிர்ந்தது, பிறகு சரிவே இல்லை, அம்பு. இரண்டு நிமிடத்தில் வானத்தில் ஒன்றும் இல்லை.

அக்கா வீடு வரை பேசவில்லை.

மாலை நாலேகாலுக்கு அம்மாவின் வீடியோ கால். “ஏன் ரெண்டு பேரும் உம்முனு இருக்கீங்க? சண்டையா?” என்றார். மதியச் சாப்பாடு குபூஸ் ரொட்டியும் பருப்பும் என்றார். நேரக் கணக்குப்படி அப்போது அக்காவின் இடியாப்பம் அம்மாவின் ஃபிளாட்டிலிருந்து பதினோரு கிலோமீட்டர் தூரத்தில், ஓடுபாதை ஓரமாக நின்றுகொண்டிருந்தது. நான் சொல்லவில்லை. அளந்து மட்டும் பார்த்தேன். சும்மாதான்.

மே 14, வியாழன்

பாய் போன் பண்ணவில்லை. அக்கா விசா காகிதத்தை எடுத்து மேசை மேல் வைத்திருக்கிறாள்.

மே 16, சனி

காகிதம் அங்கேயே இருக்கிறது. அதன் மேல் தட்டு கூட வைக்காமல் சாப்பிடுகிறோம்.

மே 19, செவ்வாய்

பாய் வந்தார். இந்தத் தடவை உட்கார்ந்தார். அக்கா டீ கொடுத்தாள். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால்.

“கேப்டன் மெசேஜ் போட்டிருக்காரு. ஒரு மூடி கூட உப்பலையாம். இடியாப்பத்தை அவரும் ஒரு வாய் சாப்பிட்டாராம். இத்தனை வருஷத்துல கடைசி நேரத்துல கேட்டு உடனே சாப்பாடு வந்தது இதான் மொத தடவையாம்.” டீயை உறிஞ்சினார். “படம் எதுவும் வெளிய வரலை. நான் எட்டு நாளா தேடினேன். அந்தப் பையனும் போடலை.”

“பாய், தங்கச்சி பண்ணது...”

“தப்பு. ஆனா நான் கேக்குறதுக்கு முன்னாடி ஒத்துக்கிட்டா. எங்க ஆபீஸ்ல அப்படி ஒரு ஆளைக் காட்டு பாப்போம்.” கதவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: “ஆர்டர் அமலிக்கு. இனி ஃபிளைட் விவரம் எழுதின சீட்டு அமலி கையில மட்டும். பாப்பா கண்ணுல படக் கூடாது.”

நான் கதவுக்குப் பின்னாலிருந்து, “சரி பாய்” என்றேன்.

“ஒட்டுக் கேக்குறா பாரு,” என்றாள் அக்கா. எட்டு நாளைக்குப் பிறகு என்னைப் பற்றி அவள் சொன்ன முதல் வார்த்தை. கேட்க இனிமையாக இருந்தது.

மே 24, ஞாயிறு

அக்கா அம்மாவிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். அம்மா கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். பாயிடம் அனுமதி வாங்கிக்கொண்டு நான் நடந்ததைச் சொன்னேன், பதினோரு கிலோமீட்டரையும் சேர்த்து.

“அடிப்பாவி, சொல்லியிருந்தா டாக்ஸி புடிச்சுப் போய் வேலிக்கு வெளிய நின்னு வாசமாச்சும் புடிச்சிருப்பேனே!”

மூன்று பேரும் சிரித்தோம். அம்மாதான் முதலில் நிறுத்தினார்.

மே 30, சனி

இந்த நோட்டைச் சேனலில் போடலாமா என்று கேட்டு ஹாஜா பாயிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் ஊர் பெயரை அடித்தார், விமானத்தின் மாடலையும் வாலில் இருந்த எண்ணையும் எடுக்கச் சொன்னார், தேதிகளை நகர்த்தச் சொன்னார். மஸ்கட்டையும் அடிக்கவா என்றேன். “அது இருக்கட்டும்மா,” என்றார். அதனால்தான் இதோ, இது இப்போது சேனலில்.

இன்று காலை அக்கா பெட்டி அடுக்கினாள். சீட்டை அரிசி டின்னுக்குள் போட்டு மூடி, அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நான் எதுவும் கேட்கவில்லை. ஆனால் எனக்குக் கண் இருக்கிறதே. பெட்டிகளை எண்ணினேன். வெயிலைப் பார்த்தேன். காற்றைப் பார்த்தேன். எத்தனை பேர், எத்தனை தடவை இறங்கும், எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

இப்போது 643 பேருக்கும் ஒரு வேலை. மேப்பில் உங்கள் ஊரை நடுவில் வைத்து 6,300 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போடுங்கள். பிறகு எட்டுப் பேரை ஏற்றி, எதிர்க்காற்றைச் சேர்த்து, வட்டத்தைச் சுருக்குங்கள். உங்கள் ஆள் யாராவது அந்த வட்டத்தில் எங்கோ இருப்பார்கள். அவர்கள் எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் கீழே எழுதுங்கள், பெயர் வேண்டாம், எண் போதும். என்னுடையது 2,600. அடுத்த ஞாயிறு மாலை நாலு மணிக்குப் புதுக்கோட்டை ரோட்டு மதில் பக்கம் வாருங்கள், அந்த எண்களை வைத்து ஒரு பெரிய மேப் வரையப் போகிறோம். தொப்பியும் தண்ணீரும் உங்கள் பொறுப்பு. வினோபா கேமரா கொண்டு வருவான். இடியாப்பம் அக்கா கொண்டு வருவாள், மூடியில் ஓட்டையோடு.

வெள்ளை ஜெட் ஏதாவது வந்தால், கை மட்டும் ஆட்டுங்கள்.